கணிப்பொறியின் நாடித்துடிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறை தொடங்கும் வேளையில், முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் வாடிய முகத்துடன் என் அறைக்கு வந்தார். கையில் மூன்று தாள்கள். மூன்றிலும் ஞாயிற்றைச் சுற்றும் ஒரு கோளின் பாதை வரையப்பட்டிருந்தது. கோளின் தொடக்க இடம், தொடக்க வேகம், நியூட்டனின் ஈர்ப்பு விதி ஆகியவற்றைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, சிறுசிறு கால அடிகளாக முன்னேறிப் பல இலட்சம் சுற்றுகளைக் கணக்கிடுவதுதான் அவருடைய ஆய்வுத் திட்டம்.

"சார், நிரலை மாற்றவில்லை. தொடக்க எண்களையும் மாற்றவில்லை. மூன்று முறை ஓட்டினேன். மூன்று விதமான விடை வருகிறது" என்றார்.

மாணவர்களே, இது எவ்வளவு விந்தையான செய்தி என்று எண்ணிப் பாருங்கள். 17ஐ 23ஆல் பெருக்கினால் காலையில் 391 என்றும் மாலையில் 389 என்றும் வருமா? நிரலில் பிழை இருந்தால் விடை தவறாக வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே தவறுதான் வரும். இங்கோ தவறுகூட ஒரு நிலையில் நிற்கவில்லை!

அந்தக் கணிப்பொறி அவர் ஒருவரிடமிருந்து பழையதாக விலைக்கு வாங்கியது. இடையிடையே அது திடீரென்று நின்றுபோகும். மின்சாரத்தில் ஏற்றத்தாழ்வு என்று அவர் எண்ணிக்கொண்டார். உள்ளிருந்த இயங்குதளத்தை அடியோடு அழித்துப் புதிதாக நிறுவினார். ஒரு முறையன்று, இரு முறை. பயனில்லை. அதே நிரலை எங்கள் துறைக் கணிப்பொறியில் ஓட்டியபோது மூன்று முறையும் கடைசி இலக்கம் வரை ஒரே விடை வந்தது. எனவே குற்றம் நியூட்டன் மீதும் இல்லை, நிரல் மீதும் இல்லை. அது எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கணிப்பொறியின் நாடித்துடிப்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

செங்கல் வரிசையும் செயலியும்

வீடு கட்டும் இடத்தில் செங்கற்களைக் கைமாற்றி மேல்தளத்துக்கு அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு தாளம் விழும்போது ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள கல்லை அடுத்தவரிடம் தந்துவிட்டு, முந்தையவரிடமிருந்து புதிய கல்லை வாங்குவார். தாளத்தை விரைவுபடுத்தினால் கல் விரைவாக ஏறும். ஆனால் வரிசையில் எல்லோரும் ஒரே சுறுசுறுப்பு உடையவர்கள் அல்லர். யார் மிக மெதுவானவரோ அவர் கைதான் வரிசை முழுவதற்கும் எல்லை.

கணிப்பொறியின் செயலிக்குள் நடப்பதும் இதுவே. கல்லுக்குப் பதில் 0, 1 என்னும் மின்குறிகள். ஆளுக்குப் பதில் டிரான்சிஸ்டர்களால் ஆன வாயில்கள். தாளத்துக்குப் பதில் கடிகாரத் துடிப்பு. குவார்ட்சு படிகம் ஒன்று சீராக அதிர்கிறது. அந்த அதிர்விலிருந்து பெரும்பாலும் 100 மெகா ஹெர்ட்சு கொண்ட அடிப்படைத் துடிப்பு ஆக்கப்படுகிறது. செயலியோ அதை ஒரு பெருக்கல் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கல் எண் 50 என்றால் 100 × 50 = 5000 மெகா ஹெர்ட்சு, அதாவது 5 கிகா ஹெர்ட்சு. நொடிக்கு 500 கோடித் துடிப்பு! ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 0.2 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளிகூட வெற்றிடத்தில் 6 செ.மீ. தொலைவுதான் செல்லும். உங்கள் சுண்டுவிரலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவே.

பெருக்கல் எண்ணையோ அடிப்படைத் துடிப்பையோ, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் உயர்த்துவதை ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். நாம் துடிப்புக் கூட்டல் என்று சொல்வோம்.

இது எப்படி முடிகிறது? தயாரிப்பாளர் சற்றுத் தாராளமாக இடைவெளி விட்டே வேகத்தைக் குறிக்கிறார். அறை புழுக்கமாக இருந்தாலும், மின்வழங்கி சற்றுத் தளர்ந்திருந்தாலும், செயலிக்கு வயது ஏறினாலும் கணக்கு தவறக்கூடாது அல்லவா? அந்த இடைவெளியைத்தான் துடிப்புக் கூட்டுபவர் தின்கிறார். அதற்கு மேலும் வேண்டுமானால் மின்னழுத்தத்தை உயர்த்துகிறார். அழுத்தம் உயர்ந்தால், அடுத்த வாயிலில் உள்ள நுண்ணிய மின்தேக்கம் விரைவில் நிரம்பும். குறி விரைவில் சேரும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. செயலி இயங்குவதில் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருபடியையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய மதிப்புக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 1.20 வோல்ட்டை 1.32 வோல்ட்டாகவும், அதிர்வெண்ணைப் பத்தில் ஒரு பங்கும் கூட்டிப் பாருங்கள். 1.1 × 1.1 × 1.1 = 1.331. வேகம் கிடைத்தது 10 விழுக்காடு; வெப்பம் ஏறியது 33 விழுக்காடு. வெப்பம் ஏறினால் இணைப்புக் கம்பிகளின் மின்தடை கூடும். குறி மீண்டும் தாமதமாகும். எதற்காக அழுத்தத்தைக் கூட்டினோமோ அதன் பயனில் ஒரு பகுதியை வெப்பமே விழுங்கிவிடுகிறது. 2011ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எப்.எக்ஸ். செயலி ஒன்றை 8.429 கிகா ஹெர்ட்சு வரை ஓட்டிக் கின்னசு சாதனை படைத்தவர்கள், அதைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார்கள் என்பதிலிருந்து வெப்பம் எவ்வளவு பெரிய எதிரி என்பது விளங்கும்.

சரி, தாளம் மிஞ்சிப்போனால் என்ன ஆகும்? செங்கல் என்றால் சத்தத்துடன் கீழே விழும்; எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். செயலியில் அப்படி ஒன்றும் நிகழாது. குறி வந்து சேரும் முன்பே அடுத்த துடிப்பு விழுந்துவிட்டால், அடுத்த வாயில் அங்கே இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். 1 வரவேண்டிய இடத்தில் 0. அந்த 0 ஒரு கட்டளைக்குள் விழுந்தால் கணிப்பொறி உறைந்து நிற்கும். அது நல்ல காலம் என்றே சொல்வேன். ஏனெனில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த 0 ஒரு விடைக்குள் விழுந்தால்? கணிப்பொறி மிகுந்த நம்பிக்கையோடு தவறான எண்ணை அச்சிட்டுத் தரும்.

படிகத்தைப் பிடுங்கிய காலம்

தொடக்க காலத்தில் துடிப்புக் கூட்டுவோர் கையில் பற்றவைப்புக் கோல் இருந்தது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணிப்பொறியில் 12 மெகா ஹெர்ட்சு படிகம் இருந்தது. அதைப் பாதியாக்கிச் செயலி 6 மெகா ஹெர்ட்சில் ஓடியது. ஆர்வலர்கள் அந்தப் படிகத்தை எடுத்துவிட்டு 16 மெகா ஹெர்ட்சு படிகத்தைப் பொருத்தினார்கள். செயலி 8 மெகா ஹெர்ட்சில் ஓடத் தொடங்கியது. நிறுவனம் சும்மா இருக்கவில்லை. இயக்கியவுடன் செயலியின் வேகத்தை அளந்து, மிகுதியாக இருந்தால் தொடங்க மறுக்கும் சோதனை ஒன்றைப் பின்னர் வந்த பயாசில் சேர்த்துவிட்டது. துடிப்பை மாற்ற இன்று நாம் பயன்படுத்தும் அதே பயாசு, அன்று துடிப்பை மாற்றவிடாத காவற்காரனாக நின்றது!

பின்னர் மதர்போர்டில் உள்ள சிறிய ஜம்பர்களைப் பிடுங்கிச் செருகும் காலம் வந்தது. 1990களின் பிற்பகுதியில் அபிட் போன்ற நிறுவனங்களின் மதர்போர்டுகளில், பயாசுத் திரையிலேயே விசைப்பலகை கொண்டு துடிப்பை மாற்ற முடிந்தது. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலிரான் 300ஏ செயலியின் புகழ் இதனால்தான் பரவியது. அதன் பெருக்கல் எண் 4.5, அதை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஆனால் 66 மெகா ஹெர்ட்சு அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால் 300 மெகா ஹெர்ட்சு செயலி 450இல் ஓடியது. பலருக்கு யாதொரு தொல்லையும் இன்றி ஓடியது. இப்படி ஒன்றரை மடங்கு கிடைத்த அதிசயத்தை எண்ணித்தான் இன்றும் பலர் தம் கணிப்பொறியில் கை வைக்கிறார்கள். இன்று அவ்வளவு இடைவெளி எந்தச் செயலியிலும் மிச்சம் இருப்பதில்லை. புதிய செயலிகள் வெப்பத்தையும் திறனையும் தாமே அளந்து, முடிந்தவரை தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன.

ஒரே எண், இரண்டு வாசல்

இனி, நம் கதைக்குத் தேவையான இடத்துக்கு வருவோம். பெருக்கல் எண்ணும் மின்னழுத்த அளவும் இன்று செயலியின் உள்ளே பதிவகம் என்னும் சிறு பெட்டிகளில் எழுதப்படுகின்றன. அந்தப் பெட்டிக்கு இரண்டு வாசல்கள்.

முதல் வாசல் பர்ம்வேர் எனப்படும் நிலைப்பொருள். மதர்போர்டிலேயே ஒரு பிளாசு நினைவகச் சில்லில் குடியிருக்கும் நிரல் இது. பழைய பெயர் பயாசு. இப்போதைய வடிவம் யூ.இ.எப்.ஐ. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் செயலி கண் விழித்துப் படிக்கும் முதல் எழுத்து இதனுடையதே. நம் மேசைக் கணிப்பொறிச் செயலிகள் விழித்தவுடன் முதல் கட்டளையைத் தேடும் முகவரி, 4 கிகா பைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ளது. அங்கே நிலைப்பொருள் காத்திருக்கிறது. அப்போது இயங்குதளம் இல்லை. நினைவகம்கூட இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

இரண்டாம் வாசல் மென்பொருள். இயங்குதளம் முழுதும் எழுந்தபின், மற்ற நிரல்களைப் போலவே ஓடும் ஒரு நிரல் அதே பதிவகத்தில் புதிய எண்ணை எழுதுகிறது. இன்டெல் செயலிகளுக்கு எக்சுட்ரீம் டியூனிங் யூட்டிலிட்டி, ஏ.எம்.டி. ரைசன் செயலிகளுக்கு ரைசன் மாஸ்டர் ஆகியவை இத்தகையவை.

"எந்த வாசலில் போனால் வேகம் கூடுதல், சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். இரண்டும் ஒன்றே. 47 என்ற எண்ணை யார் எழுதினார் என்று டிரான்சிஸ்டருக்குத் தெரியாது. வெப்பமும் ஒன்றே, பிழையும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் அந்த எண் எப்போது எழுதப்படுகிறது, எப்போது அழிகிறது என்பதில் இருக்கிறது.

மென்பொருள் எழுதுவது கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவது போன்றது. மின்சாரம் போனால் பதிவகம் வெறுமையாகிவிடும். எண் மிஞ்சிப்போய்க் கணிப்பொறி உறைந்துவிட்டதா? நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். பழைய வேகத்தில் எழும். சோதனை செய்து பார்க்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஒரே ஒரு பொறி உண்டு: "ஒவ்வொரு முறையும் தானே செயற்படுத்துக" என்னும் கட்டத்தில் சிலர் குறியிட்டு வைத்துவிடுவார்கள். பிறகு கரும்பலகையில் ஒரு பூதம் தினமும் வந்து எழுதிவிட்டுப் போகும்.

நிலைப்பொருளில் எழுதுவது சுவரில் வண்ணத்தால் எழுதுவது போன்றது. பொத்தான் வடிவமுள்ள 3 வோல்ட் மின்கலத்தின் துணையால் நிலைக்கும் நினைவகத்திலோ, பிளாசு சில்லிலோ அது பதிந்துவிடுகிறது. இயங்குதளம் வருவதற்கு முன்பே அமலுக்கு வருவதால் விண்டோசு, லினக்சு என எதை ஓட்டினாலும் அதே வேகம். ஆனால் எண் தவறாக இருந்தால் திரையே எழாமல் போகலாம்; திருத்துவதற்குத் திரை வேண்டுமே! பல மதர்போர்டுகள் சில முறை முயன்று தோற்றபின் தாமே இயல்பு நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் அதற்கென உள்ள இரு ஊசிமுனைகளை இணைத்துத்தான் நினைவை அழிக்க வேண்டும்.

நினைவகத்தின் வேகத்தை மட்டும் பெரும்பாலும் நிலைப்பொருளில்தான் மாற்ற முடியும். செயலிக்கும் நினைவகச் சில்லுகளுக்கும் இடையே குறி எவ்வளவு தாமதமாகிறது என்பதை, இயக்கத் தொடக்கத்தில் நிலைப்பொருள் அளந்து சரிசெய்கிறது. இயங்குதளமே நினைவகத்தின் மேல் அமர்ந்த பின்பு அதை மாற்ற முயல்வது, பந்தியில் ஆட்கள் உண்டுகொண்டிருக்கும்போது அடியிலிருக்கும் பாயை உருவுவதற்கு ஒப்பாகும்.

வாசல் திறந்திருந்தால்

மென்பொருள் வாசல் வசதியானது என்றேன். அதில் ஒரு விபரீதமும் உண்டு. நீங்கள் நுழையும் வாசலில் பிறரும் நுழையலாம்.

2019 டிசம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம், பெல்ஜியத்தின் லூவன், ஆஸ்திரியாவின் கிராசு ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பிளண்டர்வோல்ட் என்று பெயரிட்ட ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். அவர்கள் துடிப்பைக் கூட்டவில்லை. மென்பொருள் வழியாக மின்னழுத்தத்தைக் குறைத்தார்கள். தாளத்தை விரைவாக்கினாலும், ஆட்களைப் பட்டினி போட்டு மெதுவாக்கினாலும் விளைவு ஒன்றுதானே? இன்டெல் செயலியில், பிற நிரல்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி காக்கப்பட்ட பகுதியில் நடந்த பெருக்கல் பிழையானது. அந்தப் பிழையான விடைகளிலிருந்து உள்ளே இருந்த இரகசியத் திறவுகோலை அவர்கள் கணக்கிட்டு எடுத்துவிட்டார்கள். பூட்டை உடைக்கவில்லை, பூட்டுக்குள் இருந்தவனைத் தவறாகக் கணக்குப் போட வைத்தார்கள்! இதற்கு மாற்றாக, மென்பொருள் வழியே மின்னழுத்தத்தை மாற்றும் வாசலைப் பூட்டிவிடும் புதுப்பித்தலை இன்டெல் வெளியிட்டது. அது வந்தது பயாசு வழியாக. மடிக்கணினி சூடாகாமல் இருக்க அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டிவந்த நல்லவர்கள் பலர், அந்த வசதியை அன்றோடு இழந்தார்கள்.

நிலைப்பொருள் வாசலும் குற்றமற்றதன்று. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சில காரணமின்றி நின்றுபோவதாகப் புகார்கள் குவிந்து, 2024இல் உண்மை வெளிவந்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் செயலியின் உள்ளே கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் மின்சுற்றே மூப்படைந்து தளர்ந்திருந்தது. சில மதர்போர்டுகளின் இயல்பு அமைப்புகளே இன்டெல் பரிந்துரைத்த திறனுக்கு மேலாக இருந்தன. செயலிக்குள் இருக்கும் நுண்கட்டளைகளும் தேவைக்கு மேற்பட்ட அழுத்தத்தைக் கேட்டன. இவற்றை வாங்கியவர்களில் பலர் எந்த எண்ணையும் தொட்டதே இல்லை. திருத்தம் பயாசு வழியாக வந்தது. உத்தரவாதக் காலத்தை நிறுவனம் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே தளர்ந்துவிட்ட செயலியை எந்தத் திருத்தமும் மீட்கவில்லை.

விடை தெரிந்த கணக்கு

ஒரு கணிப்பொறி பிழையின்றிக் கணக்கிடுகிறதா என்று எப்படி அறிவது? விடை முன்பே தெரிந்த நீண்ட கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பதே வழி. பெரும் பகா எண்களைத் தேடுவோர் பயன்படுத்தும் பிரைம்95 என்ற நிரல் இதற்குப் பேர்போனது. அதன் அடிப்படையை நீங்களே தாளில் செய்து பார்க்கலாம்.

2இன் ஐந்தாம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் 31. இது பகா எண்ணா? 4இல் தொடங்குங்கள். எண்ணை இருபடியாக்கி 2ஐக் கழித்து, 31ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 4 × 4 − 2 = 14. அடுத்து 14 × 14 − 2 = 194; மீதி 8. அடுத்து 8 × 8 − 2 = 62; மீதி 0. அடுக்கு 5 என்பதால் மூன்றே படிகள். இறுதியில் 0 வந்தால் அது பகா எண். இப்போது இரண்டாம் படியில் ஒரே ஒரு குறி தவறியதாகக் கொள்வோம். 8 என்பது இரும எண்ணில் 1000. கடைசி 0, 1 ஆகிவிட்டால் 1001, அதாவது 9. 9 × 9 − 2 = 79; மீதி 17. பகா எண் பகு எண்ணாகிவிட்டது! ஒவ்வொரு படியும் முந்தையதை இருபடியாக்குவதால் சிறு பிழையும் மறைய வழியில்லை. பல இலட்சம் படிகள் உள்ள கணக்கைச் செயலிக்குக் கொடுத்தால், எந்த ஒரு படியில் எந்த ஒரு குறி தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

என் மாணவரின் கணிப்பொறிக்கு இந்தச் சோதனையைத்தான் கொடுத்தோம். 20 நிமிடத்தில் பிழை என்று அறிவித்தது. மீண்டும் இயக்கி, இயங்குதளம் எழுமுன் டெலீட் விசையை அழுத்தி நிலைப்பொருள் திரையைத் திறந்தேன். அங்கே இருந்தது குற்றவாளி. தயாரிப்பாளர் எல்லா உள்ளகங்களும் உழைக்கும்போது குறித்த பெருக்கல் எண் 42. முந்தைய உரிமையாளர் அதை 47 என்று பதித்து, மின்னழுத்தத்தையும் உயர்த்தியிருந்தார். இயங்குதளத்தை எத்தனை முறை அழித்தால் என்ன? கரும்பலகையைத் துடைத்தால் சுவரில் எழுதியது போகுமா?

விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் சற்றே வருத்தப்பட்டார். குளிரூட்டிய அறையில் ஈராண்டுகள் ஒரு சிக்கலும் இன்றி ஓடியதாம். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். அவர் அறையில் 24 டிகிரி. என் மாணவரின் அறையோ மொட்டை மாடிக்குக் கீழே. மே மாதத்தில் பிற்பகல் 38 டிகிரியைத் தாண்டும். அந்த 14 டிகிரியும் அப்படியே செயலியின் மேல் ஏறியது. இருந்த இடைவெளியை 47 என்ற எண் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது.

42க்கு மாற்றி மூன்று முறை ஓட்டினோம். மூன்று விடையும் ஒன்றே. துறைக் கணிப்பொறியின் விடையோடும் ஒத்தது. அதன்பின், அறியும் ஆவலில், மென்பொருள் வழியாக ஒவ்வோர் எண்ணாக ஏற்றிப் பார்த்தோம். 44இல் ஓர் இரவு முழுவதும் பிழையில்லை. 45இல் 40 நிமிடத்தில் பிழை. பொத்தானை அணைத்துப் போட்டோம், மீண்டும் 42.

"44இல் வைத்துக்கொள்ளலாமா சார்? 5 விழுக்காடு மிச்சம்" என்றார். அந்த ஓர் இரவு மழை பெய்த இரவு என்பதை அவருக்கு நினைவூட்டினேன். பேசாமல் 42லேயே விட்டுவிட்டார்.

இரண்டு மாதங்களாகச் சேர்த்த கணக்குகள் அனைத்தையும் கழித்துப் போட வேண்டியதாயிற்று. எது சரி, எது பிழை என்று பிரிக்க வழியே இல்லை. பதினொரு நாள் இரவும் பகலும் ஓட்டி அனைத்தையும் மீண்டும் கணக்கிட்டார். திட்ட அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தில், கணிப்பொறி 4.2 கிகா ஹெர்ட்சில் ஓட்டப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தார். வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.